முதல் ஓவரா, கடைசி ஓவரா?

(திருவாலங்காட்டில் கிரிக்கெட் ஆடும் பிள்ளைகள், பெற்றோர், பயிற்சியாளர்கள் முன் நிகழ்த்திய சொற்பொழிவு. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



இந்தப் பக்கத்து மைதானங்களைத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்லப்போகும் பையனையும் தெரியும். வயது பதினைந்து, பதினாறு இருக்கும். கரும்பு வெட்டி முடிந்த கொல்லையிலும் கோடையில் வற்றிய ஏரிக்குள்ளும் டென்னிஸ் பால் டோர்னமென்ட் நடக்கிறது. ஆறு ஓவர், மிஞ்சினால் எட்டு ஓவர். அரக்கோணத்திலிருந்து ஒரு டீம் வரும், எல்லை தாண்டி நகரியிலிருந்து ஒரு டீம் வரும். நம் பையனிடம் யார்க்கர் இருக்கிறது. அது ஊருக்கே தெரியும். அதனால் கேப்டன் அவனை முதலில் இறக்குவதில்லை. லாங் ஆனில் நிற்க வைத்துவிட்டு, கடைசி ஓவருக்குக் கூப்பிடுவார். அவனும் வருவான், காலடியில் ஆறு பந்து குத்துவான், ஜெயித்துக் கொடுப்பான். சாயங்காலம் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள்.

அடுத்த வாரமும் அதே. அடுத்த வருடமும் அதே.

அந்தப் பையனின் அப்பா என்னைப் போன்றவர்களிடம் வந்து, “சார், இவன் கடைசி ஓவர் ஸ்பெஷலிஸ்ட். இப்படியே கொண்டு போனால் ஐபிஎல் வரைக்கும் போவானா?” என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்குத்தான் இன்று பதில் சொல்ல வந்திருக்கிறேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்: இருபது வயது ஆகும்வரை அவன் கையில் புதுப் பந்தைக் கொடுங்கள். முதல் ஓவரைப் போடட்டும். ஓய்வெடுத்துத் திரும்பி வந்து இரண்டாவது ஸ்பெல்லும் போடட்டும். முடித்துக் கொடுக்கும் வேலையை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதை விளக்க வேண்டிய கடமை எனக்கு உண்டு.

இதே வழக்கு அமெரிக்காவில் பேஸ்பால் விளையாட்டில் பல தலைமுறையாக நடக்கிறது. அங்கே பந்தெறிபவருக்குப் பிட்சர் என்று பெயர். ஆட்டத்தைத் தொடங்குபவர் ஸ்டார்ட்டர். ஐந்து ஆறு இன்னிங்ஸ் எறிவார், ஏறக்குறைய நூறு பந்து வரும், பிறகு நான்கு நாள் ஓய்வு. ஒன்பதாவது இன்னிங்ஸில் முன்னிலையைக் காப்பாற்ற வருபவர் குளோசர். பதினைந்து, இருபது பந்தில் அவர் வேலை முடிந்துவிடும். வேகமாக எறியும் இளைஞன் ஒருவன் கிடைத்தால், அவனைத் தொடக்கத்துக்கு வைப்பதா, முடிவுக்கு வைப்பதா? நிர்வாகிகள், பத்திரிகையாளர்கள், ரசிகர்கள் எல்லோரும் இதில் கட்சி பிரிந்து நிற்பார்கள்.

அந்தச் சண்டையில் அதிகம் அடிபட்ட பெயர் ஜோபா சேம்பர்லெய்ன். 2007 ஆகஸ்டில், 21 வயதில், நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு வந்தார். கடைசி இன்னிங்ஸ்களில் மட்டும் எறிந்தார். 24 இன்னிங்ஸ் எறிந்து, ஃபீல்டர்களின் தவறு இல்லாமல் எதிரணிகள் அவரிடம் எடுத்த ரன் ஒன்றே ஒன்று. நகரமே கொண்டாடியது. அவர் தோளைக் காப்பாற்ற அவருக்கென்றே தனி விதிகள் போட்டார்கள். 2008 நடுவில் அவரைத் தொடக்கத்துக்கு மாற்றினார்கள். தோளில் காயம் வந்தது. 2009இல் 31 ஆட்டங்களைத் தொடங்கினார், ஆனால் கடைசி மாதத்தில் மூன்று இன்னிங்ஸோடு நிறுத்தி நிறுத்தி எறிய வைத்தார்கள். 2010இல் மறுபடி பின்வரிசைக்கு, அதாவது கடைசி இன்னிங்ஸ்களுக்கு, அனுப்பினார்கள். 2011இல் முழங்கைத் தசைநார் அறுவைச் சிகிச்சை. எது அவருக்கு உகந்த வேலை என்பதை இன்றும் விவாதிக்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, நான்கு வருடத்தில் அந்த இளைஞனை எத்தனை முறை மாற்றினார்கள் என்பதுதான். ஒரு வேலையை முழுதாகக் கற்றுக்கொள்ள அவருக்கு இடமே கொடுக்கவில்லை.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். உலகின் தலைசிறந்த குளோசர் என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் மரியானோ ரிவேரா, 1995இல் பெரிய லீக்கில் கால் வைத்தபோது ஸ்டார்ட்டர். டென்னிஸ் எக்கர்ஸ்லி பன்னிரண்டு வருடம் ஸ்டார்ட்டராக எறிந்துவிட்டு, 1987இல்தான் முடிக்கும் வேலைக்குப் போனார். ஐந்து வருடம் கழித்து லீக்கின் மிக மதிப்புமிக்க வீரர் விருதை வாங்கினார். ஜான் ஸ்மோல்ட்ஸ் தொடக்கம், முடிவு, மறுபடி தொடக்கம் என்று மூன்று கட்டமாக ஆடினார். எதிர்த் திசையில் வந்தவர்களும் உண்டு. கிறிஸ் சேல் இரண்டு சீசன் பின்வரிசையில் எறிந்துவிட்டு 2012இல் ஸ்டார்ட்டர் ஆனார். பால்டிமோர் அணியின் ஏர்ல் வீவர் என்ற பழைய மேலாளர், புதிதாக வரும் பையனை நடு இன்னிங்ஸ்களில் நீண்ட நேரம் எறிய வைத்துப் பழக்குவதே சிறந்தது என்று நம்பினார். அவரும் நீண்ட நேரம் என்றுதான் சொன்னார், கவனியுங்கள். ஒரு இன்னிங்ஸ் எறிந்துவிட்டு உட்கார் என்று சொல்லவில்லை. பையன் நிறையப் பந்து எறிந்தால்தான் கற்றுக்கொள்வான் என்பதே அதன் உட்பொருள்.

இந்தியப் பையன்கள் இருவர்கூட அந்த விளையாட்டுக்குப் போனார்கள். உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ரிங்கு சிங், தினேஷ் படேல். ஈட்டி எறிந்து பழகியவர்கள். தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் வேகமாக எறிந்து காட்டியதால் 2008இல் பிட்ஸ்பர்க் அணி ஒப்பந்தம் செய்தது. அதற்கு முன் அவர்கள் பேஸ்பால் ஆடியதே இல்லை. கையில் வேகம் இருந்தது, ஆட்டம் கைவசம் இல்லை. பெரிய லீக்கை இருவருமே எட்டவில்லை. வேகம் ஒன்றை மட்டும் வைத்து ஒரு பையனின் எதிர்காலத்தைக் கணிக்கக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இனி நம் விளையாட்டுக்கு வருவோம். 2023 மே 6ஆம் தேதி சேப்பாக்கத்தில் சென்னை அணிக்கும் மும்பைக்கும் ஆட்டம். இலங்கையின் மதீஷா பதிரனா, அப்போது அவருக்கு 20 வயது, 15 ரன் கொடுத்து 3 விக்கெட் எடுத்தார். தோளுக்குக் கீழே கையைச் சுழற்றி வீசும் அந்த முறையைப் பார்த்த உடனே மலிங்கா நினைவு வரும். ஆட்டம் முடிந்ததும் தோனி ஒரு கருத்துச் சொன்னார்: இந்தப் பையன் சிவப்புப் பந்துக் கிரிக்கெட்டின் பக்கமே போகக் கூடாது, ஐசிசி போட்டிகளுக்காக அவரைப் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும் என்று. தோனி சாதாரணமாகப் பேசுகிறவர் அல்ல; முடிக்கும் கலையில் அவரை மிஞ்சியவரும் இல்லை. ஆனால் அந்தக் கருத்தை மறுத்தவர் யார் தெரியுமா? லசித் மலிங்காவேதான். பதிரனா டெஸ்ட் ஆட வேண்டும், நீண்ட நேரம் வீசினால்தான் அடிப்படை உறுதிப்படும் என்பது அவர் வாதம்.

மலிங்கா அப்படிச் சொன்னதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. கடைசி ஓவர் என்றாலே நமக்கு அவர் முகம்தான் தோன்றும். 2019 மே 12, ஹைதராபாத். ஐபிஎல் இறுதியாட்டத்தில் சென்னைக்குக் கடைசி ஓவரில் 9 ரன் வேண்டும். அன்று அவருடைய முந்தைய மூன்று ஓவர்களில் 42 ரன் போயிருந்தது. இருந்தும் கேப்டன் ரோஹித் அவரையே கூப்பிட்டார். கடைசிப் பந்து, வேகம் குறைத்த யார்க்கர், ஷர்துல் தாக்குர் எல்பிடபிள்யூ. ஒரு ரன்னில் சென்னை தோற்றது. இங்கே உட்கார்ந்திருக்கும் பாதிப் பேருக்கு அந்த வலி இன்னும் இருக்கும். ஆனால் அந்தப் பந்தை வீசியவர் 2004இல் டார்வினில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக டெஸ்டில் அறிமுகமானவர். முப்பது டெஸ்ட், 101 விக்கெட். அதன்பிறகு 2011இல்தான் டெஸ்டை விட்டார். அந்த இரவு மூன்று ஓவர் அடி வாங்கிய பிறகும் என்ன போட வேண்டும் என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. அந்தத் தெளிவு நாள் முழுக்க வீசிப் பழகியதால் வந்தது என்றே நான் நம்புகிறேன்.

இந்த இடத்தில் ஒருவர் எழுந்து, “நம் நடராஜன் டென்னிஸ் பாலில் யார்க்கர் போட்டுத்தானே வந்தார்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். நம் பிள்ளைகளுக்கு மிக அருகில் இருக்கும் வாழ்க்கை அவருடையதுதான்.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி. வசதி இல்லாத வீடு. அம்மா சாலையோரம் கோழிக்கறிக் கடை நடத்தினார். இருபது வயது வரை நடராஜன் ஆடியது டென்னிஸ் பால் மட்டுமே. டென்னிஸ் பால் எகிறும். நடுவில் குத்தினால் அடிவாங்கும். அதனால் காலடியில் குத்துவது ஒன்றுதான் பாதுகாப்பு. ஆறு ஓவர் ஆட்டத்தில் எல்லா ஓவரும் கடைசி ஓவர்தான். அந்தப் பள்ளியில் படித்தவர் அவர். பிறகு ஊர்க்காரர் ஒருவரின் துணையோடு சென்னைக்கு வந்தார், நான்காவது டிவிஷனில் தொடங்கி, படிப்படியாக ஜாலி ரோவர்ஸ் வரை ஏறினார். 2015 ஜனவரியில் வங்காளத்துக்கு எதிராக ரஞ்சியில் அறிமுகம். அந்த ஆட்டத்திலேயே அவர் பந்து வீசும் முறை சந்தேகத்துக்குரியது என்று புகார் வந்தது.

அந்தப் புகார் ஒரு இளைஞனுக்கு என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். பத்து வருடமாகக் கையில் ஊறிய முறையைப் பிரித்துப் போட்டு, 24 வயதில் மறுபடி கட்ட வேண்டும். அவர் கட்டினார். மாதக்கணக்கில் உழைத்து முறையைத் திருத்தினார். அதைத்தான் நான் வணங்குகிறேன். 2016 டிஎன்பிஎல்லில் திண்டுக்கல் அணிக்காக ஒரு சூப்பர் ஓவரில் யார்க்கராகவே போட்டு எல்லோர் கண்ணிலும் பட்டார். 2017 ஏலத்தில் பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. கிடைத்தது ஆறு ஆட்டம். அடுத்து ஹைதராபாத், இரண்டு சீசன் ஒரு ஆட்டம்கூட இல்லை. 2020இல்தான் வாய்ப்பு வந்தது, 16 விக்கெட் எடுத்தார், எலிமினேட்டரில் டிவில்லியர்ஸின் ஸ்டம்பை யார்க்கரால் சாய்த்தார்.

வலைப்பயிற்சிக்குப் பந்து வீசுபவராக ஆஸ்திரேலியாவுக்குப் போனவர், அதே பயணத்தில் மூன்று வகைக் கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்காக ஆடினார். 2021 ஜனவரி 15, பிரிஸ்பேன். பும்ரா இல்லை, அஷ்வின் இல்லை, ஜடேஜா இல்லை. கூட வீசிய சைனியும் நடுவில் காயப்பட்டார். நான்கு ஓவருக்குப் பெயர் போன நடராஜன் அந்த இன்னிங்ஸில் 24.2 ஓவர் வீசி, 78 ரன் கொடுத்து, 3 விக்கெட் எடுத்தார். சதம் அடித்த லபுஷேனை எடுத்தவர் அவர்தான். இரண்டு மாதம் கழித்து, மார்ச் 28, புனே. இங்கிலாந்துக்குக் கடைசி ஓவரில் 14 ரன் வேண்டும், சாம் கரன் கொதித்துக்கொண்டு நிற்கிறார். பந்து நடராஜனிடம். இந்தியா 7 ரன்னில் ஜெயித்தது.

அதுதான் இந்திய அணிக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டம். ஏப்ரலில் முழங்கால் அறுவைச் சிகிச்சை. ஐபிஎல்லில் திரும்பி வந்து 2024இல் 19 விக்கெட் எடுத்தார், 2025 சீசனுக்கான ஏலத்தில் டெல்லி 10.75 கோடிக்கு வாங்கியது. காயம் யாருக்கும் வரும். அதற்கு நான் காரணம் கற்பிக்க மாட்டேன். என் மனதை உறுத்துவது வேறு. லெதர் பாலை அவர் கையில் முறையாகக் கொடுத்தபோது அவருக்கு இருபது வயது தாண்டிவிட்டது. மற்றவர்கள் பதினான்கில் கற்றதை இருபத்துநான்கில் கற்றார். பதினைந்து வயதில் அந்தப் பையனுக்குப் புதுப் பந்தும் ஒரு பயிற்சியாளரும் கிடைத்திருந்தால்? நடராஜனை உதாரணம் காட்டி, கடைசி ஓவர் போதும் என்று சொல்கிறவர்கள் அவருடைய வெற்றியை மட்டும் பார்க்கிறார்கள். அவர் தாண்டி வந்த தூரத்தையும் பாருங்கள். அவ்வளவு தூரத்தை எல்லாப் பையனாலும் தாண்ட முடியாது. அவர் தாண்டினார் என்பதற்காக நம் பிள்ளைகளை அங்கிருந்தே ஓட விடுவது அநியாயம்.

கணக்கையும் பாருங்கள். ஆறு ஓவர் டோர்னமென்டில் நம் பையன் ஒரு ஓவர் போடுகிறான். ஆறு பந்து. அதில் நான்கு யார்க்கர். எதிரே நிற்பவன் கண்ணை மூடிக்கொண்டு சுற்றுகிறான். இதில் பையன் கற்றுக்கொள்வது என்ன? முப்பது ஓவர் பள்ளி ஆட்டத்தில் புதுப் பந்து எடுத்தால் ஆறு ஓவர், 36 பந்து. எதிரே இருப்பவன் தொடக்க ஆட்டக்காரன், விக்கெட்டைக் காப்பாற்றுகிறவன். அவனை எடுக்க வேண்டுமானால் தையலை நிமிர்த்திப் பிடிக்கத் தெரிய வேண்டும், ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தத் தெரிய வேண்டும், மூன்று பந்து வெளியே எடுத்துப் போய் நான்காவதை உள்ளே கொண்டுவரத் தெரிய வேண்டும். பந்து பழசானதும் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதையும் தன் விரலாலேயே அறிய வேண்டும். யார்க்கர் இத்தனைக்கும் பிறகு வருகிற ஒரு பந்து.

இந்த ஊரில் நின்றுகொண்டு இதைச் சொல்வதற்கு எனக்கு ஒரு கூடுதல் உரிமை உண்டு. இரத்தின சபையில் நடந்ததாக நாம் வழிவழியாகக் கேட்ட ஆட்டப் போட்டியில், காளி ஈடுகொடுத்து ஆடிய அத்தனை ஆட்டத்துக்கும் பிறகுதான் இறைவன் காலை உச்சிக்குத் தூக்கினான். மற்ற தாண்டவம் எதுவும் தெரியாமல் ஊர்த்துவ தாண்டவம் மட்டும் தெரிந்த ஆடல்வல்லானை யாராவது கற்பனை செய்ய முடியுமா?

உடம்பைப் பற்றிப் பேசியாக வேண்டும். “நிறைய வீசினால் முதுகு போய்விடுமே” என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். பயத்தில் நியாயம் இருக்கிறது. வளரும் வயதில் வேகப்பந்து வீசும் பையன்களுக்குக் கீழ் முதுகெலும்பில் அழுத்தத்தால் விரிசல் விழுகிறது. பல நல்ல பவுலர்கள் இருபது வயதுக்குள் அப்படி முடங்கியிருக்கிறார்கள். ஆனால் அதற்கு மருந்து ஒரே ஒரு ஓவர் போட வைப்பது அல்ல. எண்ணி வீச வைப்பது. இங்கிலாந்து வாரியம் நெடுங்காலமாக ஒரு வரம்பு வைத்திருக்கிறது: 13 வயது வரை ஒரு ஸ்பெல்லில் 5 ஓவர், ஒரு நாளில் 10. அடுத்த இரண்டு வருடம் 6, 12. பதினாறு பதினேழு வயதில் 7, 18. பேஸ்பாலிலும் 13 முதல் 16 வயது வரை ஒரு நாளைக்கு 95 பந்து, 17, 18 வயதில் 105 பந்து என்று உச்ச வரம்பு வகுத்திருக்கிறார்கள். நம் ஊரில் நடப்பது என்ன? ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் நாலு மேட்ச். நான்கிலும் கடைசி ஓவர் நம் பையனுக்கே. உடம்பு ஆறிப்போய் லாங் ஆனில் நின்றவனைத் திடீரென்று கூப்பிட்டு, முழு வேகத்தில் ஆறு பந்து. மறுபடி நிற்க வைத்து, மறுபடி கூப்பிட்டு. தொடர்ச்சியாகச் சூடேறி வீசும் ஐந்து ஓவரைவிட இது உடம்புக்கு நல்லது என்று நான் நம்பவில்லை.

அடுத்தது பணம். இதைச் சொல்லாமல் போனால் இந்தப் பேச்சு நேர்மையாக இருக்காது. கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு, பையன் ஐந்து வருடம் லெதர் பால் பழக வேண்டும் என்றால், அதில் ஷூ இருக்கிறது, பஸ் செலவு இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது. டென்னிஸ் பால் டோர்னமென்டில் கோப்பையோடு ரொக்கமும் கொடுக்கிறார்கள். அந்தப் பணத்தை இழிவாகப் பேச எனக்கு உரிமை இல்லை. ஆனால் பெரிய பணம் கடைசி ஓவர்காரனுக்கே என்ற நினைப்பு தவறு. 2023 டிசம்பர் ஏலத்தில் மிச்செல் ஸ்டார்க் 24.75 கோடி, பேட் கம்மின்ஸ் 20.5 கோடி. இருவருமே டெஸ்டில் நாள் முழுக்க வீசுகிறவர்கள். அடுத்த மே 26ஆம் தேதி, சேப்பாக்கத்தில் இறுதியாட்டம். ஸ்டார்க் தன் முதல் ஓவரிலேயே அபிஷேக் சர்மாவின் ஸ்டம்பைப் பெயர்த்தார். ஹைதராபாத் 113 ரன்னில் சுருண்டது. அந்த ஆட்டத்துக்குக் கடைசி ஓவர் என்ற ஒன்றே தேவைப்படவில்லை. தீபக் சாஹருக்குச் சென்னை 2022இல் 14 கோடி கொடுத்ததும் புதுப் பந்துக்காகத்தான்.

நம் சுழற்பந்து வீச்சாளர்களையும் பாருங்கள். 2017இல் வாஷிங்டன் சுந்தருக்கு 17 வயது. மும்பைக்கு எதிரான பிளே ஆஃப் ஆட்டத்தில், களக்கட்டுப்பாடு இருக்கும் முதல் ஆறு ஓவருக்குள் பந்தைக் கொடுத்தார்கள். 16 ரன்னுக்கு 3 விக்கெட். 2011 ஐபிஎல் இறுதியாட்டத்தில் கிறிஸ் கெய்லுக்கு எதிராக அஷ்வின் கையில் புதுப் பந்தைக் கொடுத்தார் தோனி. முதல் ஓவரிலேயே கெய்ல் போனார். அந்த அஷ்வினே 2013 சாம்பியன்ஸ் டிராபி இறுதியில் கடைசி ஓவரை வீசினார். கடைசிப் பந்தில் ஆறு ரன் வேண்டியிருந்தது. பந்து மட்டையில் படவில்லை. தொடங்கத் தெரிந்தவரைக் கூப்பிட்டு முடிக்கச் சொல்லலாம். தங்கைகளுக்கும் ஒரு பெயர் சொல்கிறேன்: ஜுலன் கோஸ்வாமி. இருபது வருடம் இந்தியாவுக்காகப் புதுப் பந்து எடுத்தார், ஒருநாள் ஆட்டத்தில் 255 விக்கெட்.

இனி, என் மனதுக்கு மிகவும் நெருக்கமான காரணத்துக்கு வருகிறேன். 1986 ஏப்ரல் 18, ஷார்ஜா. இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இறுதியாட்டம். கடைசிப் பந்தில் நான்கு ரன் வேண்டும். பந்து சேத்தன் சர்மாவிடம். அவருக்கு அப்போது வயது இருபதுதான். யார்க்கர் போட நினைத்தார். நழுவி ஃபுல்டாஸ் ஆனது. மியாண்டட் சிக்ஸர் அடித்தார். அன்றிலிருந்து இத்தனை வருடமாக அந்தப் பந்தைப் பற்றிக் கேட்காத ஆள் இல்லை. இங்கே இருக்கும் பெரியவர்களில் எத்தனை பேர் அன்று ரேடியோவை அணைத்தீர்களோ, தெரியாது.

ஆனால் அந்தக் கோடையில் என்ன நடந்தது என்பதை யாரும் சொல்வதில்லை. மூன்று மாதத்துக்குள் அதே பையன் இங்கிலாந்தில் புதுப் பந்து எடுத்தார். லார்ட்ஸில் ஐந்து விக்கெட். எட்ஜ்பாஸ்டனில் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்துப் பத்து விக்கெட். அந்தத் தொடரை இந்தியா ஜெயித்தது. அடுத்த வருடம் நாக்பூரில் நியூசிலாந்துக்கு எதிராக உலகக் கோப்பையின் முதல் ஹாட்ரிக்கை எடுத்தவரும் அவரே. அவரைத் தூக்கி நிறுத்தியது எது? அவருக்குப் போய்ச் சேர ஒரு காலை வேளை இருந்தது. அங்கே புதுப் பந்து இருந்தது, ஸ்லிப்பில் ஆள் இருந்தார்கள், ஒரு பந்து தவறினால் அடுத்த ஓவர் இருந்தது. கடைசி ஓவர் மட்டுமே தெரிந்த பையனுக்கு அந்தக் காலை வேளை கிடையாது. அவனுக்குத் திரும்பிப் போக வேறு வேலை இல்லை. அவன் மறுபடி நிரூபிக்க வேண்டுமானால், மறுபடி அதே ஆறு பந்தின் முன்தான் போய் நிற்க வேண்டும். பதினைந்து வயதுப் பிள்ளையை அப்படி நிற்க வைக்கும்போது நாம் அவனிடம் என்ன கேட்கிறோம் என்று ஒரு கணம் யோசியுங்கள். தோற்றால் ஊரே அவனைத்தான் பேசும். ரன் அவுட்டை விட்டவனை யாரும் பேச மாட்டார்கள், கேட்ச் விட்டவனைப் பேச மாட்டார்கள். அந்த வாரம் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசி ஓவர்தான் பெரிய ஓவர் என்பதும் சரியல்ல. 2024 ஜூன் 29, பார்படாஸ். டி20 உலகக் கோப்பை இறுதி. தென்னாப்பிரிக்காவுக்கு 30 பந்தில் 30 ரன் வேண்டும், கையில் ஆறு விக்கெட். உலகின் சிறந்த பவுலர் நம்மிடம். ரோஹித் அவரை இருபதாவது ஓவருக்கு ஒளித்து வைக்கவில்லை. பும்ரா 16ஆவது ஓவரையும் 18ஆவது ஓவரையும் போட்டார். அந்த 18ஆவதில் கொடுத்தது இரண்டே ரன், ஒரு விக்கெட்டும் விழுந்தது. கடைசி ஓவரை ஹார்திக் பாண்டியா போட்டார். அவருக்கு 16 ரன் இருப்பு இருந்தது, அதைச் சம்பாதித்துக் கொடுத்தவர்கள் பும்ராவும் 19ஆவது ஓவர் போட்ட அர்ஷ்தீப்பும். ஆட்டம் நழுவும் நேரத்தில் நல்ல பவுலரை இறக்க வேண்டும். அந்த நேரம் முதல் ஓவராகவும் இருக்கலாம். பும்ராவும் முதலில் யார்க்கரால்தான் பேர் வாங்கினார். 2018 ஜனவரியில் கேப்டவுனில் டெஸ்டுக்கு வந்த பிறகுதான் அவர் கையில் இன்னும் என்னென்ன இருக்கிறது என்று உலகம் பார்த்தது.

இங்கே இருக்கும் பயிற்சியாளர்களிடமும் டீம் நடத்தும் அண்ணன்மார்களிடமும் ஒரு வேண்டுகோள். டென்னிஸ் பால் டோர்னமென்டை நிறுத்தச் சொல்லவில்லை. அது இந்த ஊர்களின் சந்தோஷம். அதிலேயே மாற்றத்தைத் தொடங்கலாம். யார்க்கர் போடும் பையனுக்கு முதல் ஓவரைக் கொடுங்கள். கடைசி ஓவரை ஆட்டத்துக்கு ஆட்டம் வேறு வேறு ஆளுக்குக் கொடுங்கள். நாலு பேர் அந்தச் சுமையைப் பகிர்ந்துகொள்ளட்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவன் ஒரு நாளில் இரண்டு மேட்சுக்கு மேல் பந்து வீசக் கூடாது என்று டோர்னமென்ட் விதியிலேயே எழுதுங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது லெதர் பால். ஒரு பந்து விலையை நாலு வீடு சேர்ந்து பகிர்ந்தால் முடியும். பள்ளி மைதானத்தில் மேட்டிங் விரித்து, ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே ஒரு துண்டை வைத்து, அதன்மேல் எத்தனை பந்து விழுகிறது என்று எண்ணுங்கள். ஒரு நோட்டு வாங்கி, பையன் பெயர் போட்டு, ஒவ்வொரு நாளும் வீசிய பந்துகளின் எண்ணிக்கையை எழுதி வையுங்கள். வலைப்பயிற்சியில் வீசியதும் அதில் சேர வேண்டும். பலர் அதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

அப்பாக்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த ஆட்டம் முடிந்து பையன் வீட்டுக்கு வரும்போது, கடைசி ஓவரில் எவ்வளவு போச்சு என்று கேட்காதீர்கள். முதல் ஸ்பெல்லில் எப்படி வீசினாய், ஓப்பனரை எப்படி எடுத்தாய் என்று கேளுங்கள். அவன் சொல்லத் தொடங்குவான். உட்கார்ந்து முழுதாகக் கேளுங்கள்.